பழைய உடைகளில் நமக்கென்று ஒரு பாணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக என் அலமாரியில் பாதிக்கு மேல் வேறு யாரோ உடுத்திவிட்டுக் கொடுத்த துணிகள்தான். அதைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கு நான் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பழைய உடை வாங்கும்போது நான் பார்க்கும் வரிசை அளவு, துணி, நிறம். எந்தக் காலத்து உடை என்பது கடைசியில்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த வரிசையிலிருந்து வந்தவை.

விண்டேஜ், செகண்ட்ஹேண்ட் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. முன்பே ஒருவர் வாங்கிய எதுவும் செகண்ட்ஹேண்ட்தான், போன மாதம் வாங்கி ஒரே தடவை போட்ட சட்டையும் அதில் அடங்கும். விண்டேஜ் என்றால் குறைந்தது இருபது வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கு. நூறு வருடத்தைத் தாண்டினால் அது பழம்பொருள். அதை அன்றாடம் உடுத்த வேண்டாம், இழை தாங்காது. பழைய பாணியில் இப்போது புதிதாகத் தைத்து விற்பதற்கு ரெட்ரோ என்று பெயர். அதில் தவறில்லை. ஆனால் அதை விண்டேஜ் என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று.

எனக்கென்று ஒரு பாணி வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கடையிலிருந்து தொடங்க வேண்டாம், உங்கள் துணிக் கூடையிலிருந்து தொடங்குங்கள். துவைத்து மடித்த கையோடு மறுபடி எடுத்துப் போடும் உடைகள் நான்கைந்து எல்லோரிடமும் இருக்கும். அவற்றைக் கட்டிலில் பரப்பி வைத்துப் பாருங்கள். கழுத்து எப்படி இருக்கிறது? வட்டக் கழுத்தா, காலரா, திறந்த கழுத்தா? இடுப்பில் பிடிக்கிறதா, நேராக இறங்குகிறதா? கை எந்த இடத்தில் முடிகிறது? துணி விறைப்பாக நிற்கிறதா, உடம்போடு விழுகிறதா? அந்த நான்கைந்துக்கும் பொதுவாக ஒரு விஷயம் இருக்கும். உங்கள் பாணி என்பது அதுதான். ஏற்கெனவே உங்களிடம் இருப்பதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அப்படித் தெரிய வந்தது இது: காலர் வேண்டும், தோள் சரியாக உட்கார வேண்டும், முழங்கைக்குச் சற்றுக் கீழே கை நிற்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்த பிறகு பழைய துணிக் குவியலில் கை வைப்பது சுலபமாகிவிட்டது. நூறு உடை தொங்கினாலும் ஐந்தை மட்டும் இழுத்துப் பார்ப்பேன்.

அப்புறம், உங்கள் ஒரு வாரத்தை எழுதிப் பாருங்கள். எத்தனை நாள் உட்கார்ந்த வேலை, எத்தனை நாள் நடை, எத்தனை நாள் வெயில், எத்தனை நாள் விருந்து. வருடத்தில் இரண்டு நாள்தான் விசேஷத்துக்குப் போகிறீர்கள் என்றால் ஜிகினா வைத்த கவுன் ஒன்று போதும். பழைய துணி தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். விசேஷ உடைகளைத்தான் மக்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதனால் குவியலில் அவைதான் அதிகம் இருக்கும், கண்ணையும் அவைதான் பறிக்கும். அன்றாட உடைகள் தேய்ந்து கிழிந்து போய்விடுவதால் நல்ல நிலையில் கிடைப்பது அரிது. அலமாரியில் ஜிகினா நிறைந்து, காலையில் போட ஒன்றுமில்லாமல் நிற்பது அப்படித்தான்.

பழைய காலத்து உடை போட்டால் நாடக வேஷம் மாதிரி ஆகிவிடாதா?

தலை முதல் கால் வரை ஒரே பத்தாண்டிலிருந்து எடுத்தால் அப்படித்தான் ஆகும். 1950களின் அகலப் பாவாடை, அதே காலத்துத் தலை அலங்காரம், அதே காலத்துக் கைப்பை எல்லாம் சேர்ந்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு வேஷம்தான் முதலில் படும். அந்தப் பாவாடையோடு இன்றைய சாதாரண பனியன், தட்டைச் செருப்பு என்று போடுங்கள், அது உங்கள் பாவாடையாகிவிடும். நான் கடைப்பிடிப்பது ஒரே ஒரு வழக்கம்: ஒரு தடவைக்கு ஒரு பழைய பொருள்தான் பேச வேண்டும், மற்றவை அமைதியாக இருக்க வேண்டும். இரண்டு வேண்டும் என்றால் இரண்டும் வேறு வேறு காலத்ததாக இருக்கட்டும்.

அந்தந்தக் காலத்து வெட்டு எப்படி என்று தெரிந்திருப்பது உதவும். 1940களில் தோள் சதுரமாக நிற்கும், துணித் தட்டுப்பாட்டால் பாவாடை ஒட்டினாற்போல இருக்கும். 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் தியோர் கொண்டுவந்த வெட்டு அதைத் தலைகீழாக்கியது: தோள் மென்மையானது, இடுப்பு இறுகியது, பாவாடை மீட்டர் கணக்கில் விரிந்தது. 1960களில் இடுப்பே காணாமல் போய் நேர் வெட்டு வந்தது. 1970களில் கால்சட்டையின் அடி விரிந்தது, காலர் நீண்டது. 1980களில் தோள் மறுபடி அகன்றது, இந்த முறை உள்ளே பஞ்சுத் திண்டு வைத்து. உங்களுக்கு இடுப்பில் பிடிப்பது பிடிக்காதென்றால் 1950களின் உடை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

லேபிளில் உள்ள சைஸ் எண்ணை நம்பலாமா?

நம்ப வேண்டாம். அமெரிக்காவில் பெண்கள் உடைக்கு 1958-இல் ஒரு பொது அளவு முறை வெளியானது, 1983-இல் அது கைவிடப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் போட, அதே உடம்புக்கான எண் சிறிதாகிக்கொண்டே வந்தது. அதனால் பழைய அமெரிக்க கவுனில் 12 என்று இருந்தால் அது இன்றைய 12-ஐவிட நன்றாகச் சின்னது. அந்த எண்ணைப் பார்த்து வாங்கி, ஜிப் ஏறவில்லை என்று உடம்பை நொந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறியது எண்தான், அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

பையில் ஓர் இஞ்ச் டேப் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை அளப்பதைவிட, உங்களுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் ஒரு சட்டையையும் கால்சட்டையையும் தரையில் விரித்து அளப்பது மேல். சட்டைக்கு ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல், அக்குளிலிருந்து அக்குள், கை நீளம், முதுகு நீளம். கால்சட்டைக்கு இடுப்பு, தொடை, முன் கவட்டிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம், உள்கால் நீளம். இதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் போட்டுப் பார்க்க வசதியில்லாத இடத்திலும் வாங்கலாம். நீளாத துணி என்றால் மார்புச் சுற்றளவைவிட உடை இரண்டு முதல் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கையைத் தூக்கினால் தையல் விட்டுப்போகும்.

வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒரு கம்பளிக் கோட்டு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவேன். கடை விளக்கில் கறுப்பாகத் தெரிவது பகல் வெளிச்சத்தில் பச்சையோடிய பழுப்பாக இருக்கும், தோள் மேல் மட்டும் வெளுத்திருக்கும். நெடுநாள் ஜன்னலோரம் தொங்கிய துணிக்கு அதுதான் அடையாளம். பிறகு கோட்டை முகத்துக்கு நேராகத் தூக்கி, பின்னால் வெளிச்சம் வருகிற மாதிரி பிடிப்பேன். லைனிங் இல்லாத இடங்களில் ஊசி குத்தினாற்போல ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அந்துப்பூச்சி கடித்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் தைத்துவிடலாம். பரவலாக இருந்தால் வைத்துவிடுவேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் மெலிந்து நிற்கும் இடங்கள் இன்னும் பல இருக்கும்.

அடுத்து அக்குள். கையை உள்ளே விட்டு லைனிங்கை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். வியர்வைக் கறையைவிட நான் அஞ்சுவது வியர்வையால் துணி உளுத்துப் போயிருப்பதைத்தான். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். காகிதம் மாதிரிச் சரசரவென்று சத்தம் வந்தாலோ இழை விலகினாலோ அந்த இடம் போய்விட்டது. பட்டில் இது இன்னும் மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்குக் கனம் கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றினார்கள். அந்தப் பட்டு அலமாரியில் சும்மா இருந்தாலே நீள நீளமாகக் கிழியும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

பிறகு காலரின் பின்மடிப்பு, கஃபின் ஓரம், பையின் வாய், பித்தான் துளைகள். உடை எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதை இந்த இடங்கள்தான் சொல்லும். பைக்குள் கையை விட்டுத் துளாவிப் பாருங்கள், ஓட்டை இருக்கலாம், சில சமயம் உபரிப் பித்தானும் கிடைக்கும். ஜிப்பை நான்கு தடவை ஏற்றி இறக்குங்கள். கடைசியாக மூக்கு. மக்கல் வாடை போகும், புகை வாடை பாதி போகும். பூஞ்சணம் பிடித்த வாடையோடு கரும்புள்ளியும் இருந்தால் வாங்காதீர்கள், அது பக்கத்தில் உள்ள துணிக்கும் பரவும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும்.

நிஜமாகவே பழையதுதான் என்று எப்படித் தெரியும்?

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று நான்கு சேர்ந்து ஒரே பக்கம் கை காட்ட வேண்டும்.

ஜிப்பிலிருந்து தொடங்கலாம். உலோகப் பல் ஜிப் கவுனின் பக்கவாட்டில் இருந்தால் பெரும்பாலும் 1930களுக்கும் 1950களுக்கும் இடையில். நைலான் சுருள் ஜிப் பரவலானது 1960களில். ஆனால் ஜிப் பழுதானால் மாற்றுவது வழக்கம், அதனால் சுற்றியுள்ள தையல் மற்ற தையலோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். உள்விளிம்பு பல் பல்லாக வெட்டி விடப்பட்டிருந்தால் பழமைக்குச் சாதகம். நெருக்கமான ஓவர்லாக் (விளிம்பு பிரியாமல் சுற்றிப் போடும் இயந்திரத் தையல்) இருந்தால் பின்னால் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

லேபிள் நிறையப் பேசும். துவைக்கும் முறையை உடையிலேயே தைத்து வைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் அந்த ஊர் உடையில் அப்படியொரு சீட்டு இருந்தால் அதற்கு முந்தையது என்ற பேச்சு எடுபடாது. கம்பளி நூல்கண்டு மாதிரியான வுல்மார்க் சின்னம் 1964-இல்தான் வந்தது. ஐஎல்ஜிடபிள்யூயூ என்ற அமெரிக்கப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சீட்டு இருந்தால் 1995-க்கு முந்தையது, அந்த வருடம் அந்தச் சங்கம் வேறொன்றோடு இணைந்துவிட்டது. பிரிட்டன் உடையில் இரண்டு வட்டத் துண்டுகளும் 41 என்ற எண்ணும் சேர்ந்த சிசி41 முத்திரை இருந்தால் 1941 முதல் 1952 வரையிலான போர்க்காலச் சிக்கன உடை. மேற்கு ஜெர்மனியில் தயாரானது என்று இருந்தால் 1990-க்குள். லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புச் சீட்டில் பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (LEVI'S) இருந்தால் 1971-க்கு முந்தையது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அதே மாதிரியை நிறுவனம் பின்னால் மறுபடியும் தயாரித்திருக்கிறது. அதனால் அந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பிப் பெரிய பணம் கொடுக்காதீர்கள்.

துணியே சில சமயம் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். நீளும் லைக்ரா நூல் 1958-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1940களின் கவுன் என்று சொல்லி விற்பது ரப்பர் மாதிரி நீண்டால், விற்கிறவர் தெரியாமல் சொல்கிறார், இல்லாவிட்டால் தெரிந்தே சொல்கிறார்.

லேபிளே இல்லை. என்ன துணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்தையல் விளிம்பிலிருந்து நான்கைந்து இழையை மட்டும் உருவி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். பருத்தி, லினன், ரேயான் மூன்றும் காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் மயிர் பொசுங்கும் வாடை அடிக்கும், சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிக் கடினமான உருண்டையாகும். வாங்குவதற்கு முன் இதைச் செய்ய முடியாது, வீட்டுக்கு வந்த பிறகு துவைப்பதற்கு முன் செய்ய வேண்டியது. கடையில் நிற்கும்போது புறங்கைதான் கருவி: பாலியெஸ்டர் வழுக்கும், பட்டு முதலில் குளிர்ந்து உடனே சூடேறும், லினன் குளிர்ந்தபடியே இருக்கும்.

டெய்லரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

எல்லாம் ஆகாது. எது ஆகும், எது ஆகாது என்பதை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

கை நீளம் குறைப்பது, கால்சட்டை அடி மடிப்பது, இடுப்பைப் பிடிப்பது, பக்கவாட்டுத் தையலை உள்ளே தள்ளுவது எல்லாம் சாதாரண வேலை. பெரிதாக்குவது உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய உடைகளில் இது ஒரு வரம். தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம்கூட விட்டிருப்பார்கள், பிரித்து விடலாம். ஆனால் பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரியும், உள்ளே இருந்த துணி வெளுக்காமல் இருக்கும். வாங்கும்போதே உள்விளிம்பைத் திருப்பி நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தோள் ஆகாது. என்னிடம் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு இருந்தது. துணியைத் தொட்டால் கையை எடுக்க மனம் வராது. தோள் மட்டும் இரு பக்கமும் ஓர் அங்குலம் வெளியே நின்றது. டெய்லர் அதை மேசையில் விரித்து, கை பொருந்தும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்: "தோளைக் குறைக்கணும்னா கையைக் கழட்டணும், கையோட தலையை வெட்டணும், லைனிங், திண்டு எல்லாத்தையும் மாத்தணும். அதுக்குப் புதுசாவே ஒண்ணு தைச்சுடலாம்." அன்றிலிருந்து தோள் பொருந்தாத கோட்டை நான் தொடுவதில்லை. அதை என்னைவிட அகலமான தோள் உள்ள ஒரு தோழிக்குக் கொடுத்தேன், அவளுக்கென்றே தைத்தது போல உட்கார்ந்தது.

கோட்டின் மொத்த நீளத்தைக் குறைப்பதும் வேண்டாம். பைகள் அப்படியே நிற்கும், அடி மட்டும் மேலே வரும், பார்க்கக் குட்டையாகிவிடும். கால்சட்டையின் கவட்டு உயரமும் மாற்ற முடியாதது. 1980களின் தோள் திண்டை எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம், லைனிங்கில் நான்கு தையல் பிரித்தால் வந்துவிடும். ஆனால் அந்தத் தோள் திண்டுக்கென்றே வெட்டப்பட்டது. எடுத்ததும் துணி தொங்கினால் பாதிக் கனத்தில் வேறு திண்டு வையுங்கள்.

ஆன்லைனில் பார்த்து வாங்கலாமா?

அளவு எழுதியிருந்தால் வாங்கலாம். எழுதவில்லை என்றால் கேளுங்கள்: அக்குளுக்கு அக்குள் எவ்வளவு, தோள் எவ்வளவு, நீளம் எவ்வளவு. அக்குள், காலர், அடி விளிம்பு மூன்றுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் சலிக்காமல் அனுப்புவார். பொம்மையில் மாட்டிய படத்தை மட்டும் நம்ப வேண்டாம், பின்பக்கம் ஊசி குத்திப் பிடித்திருப்பார்கள்.

பழைய துணி வாடை எப்படிப் போகும்?

முதலில் காற்று. நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் உட்புறத்தைத் திருப்பித் தொங்க விடுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். துவைக்கக்கூடிய துணி என்றால் கடைசி அலசலில் சிறிது வெள்ளை வினிகர் சேர்க்கலாம். துவைக்க முடியாத கோட்டுக்கு நாடக அரங்கங்களின் உடைப் பிரிவினர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: நீர் கலக்காத வோட்காவைத் தெளிப்பானில் ஊற்றி அக்குள் உட்புறத்தில் லேசாகத் தெளித்து உலர விடுவது. ஆவியாகும்போது வாடையையும் கொண்டுபோய்விடும். முதலில் உள்மடிப்பில் ஒரு துளி விட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். அசிடேட் என்ற பளபளப்பான செயற்கைத் துணியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

பாச்சை உருண்டை வாடைதான் பிடிவாதமானது. வாரக்கணக்கில் காற்றில் விட வேண்டும். வாசனைத் திரவியம் தெளித்து மறைக்கப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாகும்.

எப்படித் துவைப்பது?

ரேயான்தான் மிகவும் ஏமாற்றும். உலர்ந்திருக்கும்போது உறுதியாக இருக்கும், நனைந்தால் பாதி பலம் போய்விடும். 1940களின் ரேயான் கிரேப் (முறுக்கிய இழையால் நெய்த, மேற்பரப்பு சுருக்கமான துணி) கவுன் ஒன்றை நான் முதன்முதலாக வாங்கியபோது விவரம் தெரியாமல் வாளியில் ஊற வைத்தேன். எடுக்கும்போது சுருங்கிச் சுருங்கி, குழந்தைக்குத் தைத்த கவுன் அளவுக்கு வந்துவிட்டது. ஈரமாக இருக்கும்போதே இழுத்து நீட்டப் பார்த்தேன், இடுப்புத் தையல் பிளந்தது. அந்தக் கவுனை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். கிரேப் வகை எதையும் தண்ணீரில் போடாதீர்கள், பழைய துணியில் பழக்கமுள்ள டிரைகிளீனரிடம் கொடுங்கள்.

பருத்தியும் லினனும் பயப்படாமல் துவைக்கலாம். மஞ்சள் பாரித்த வெள்ளைச் சட்டையை ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுவதும் ஊற வைத்தால் நன்றாகத் தெளியும். குளோரின் வெளுப்பான் வேண்டவே வேண்டாம். அது பட்டு, கம்பளி இரண்டையும் அரித்துவிடும். கம்பளிக்குக் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, கசக்காமல் அமுக்குவது, துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றுவது, தட்டையாகப் போட்டு உலர்த்துவது.

பித்தானையும் பாருங்கள். பழைய செல்லுலாய்டு பித்தான் சூட்டில் தீப்பிடிக்கும், அதன் மேல் இஸ்திரி படக் கூடாது. 1920, 30களின் ஜிகினா சில ஜெலட்டினால் ஆனவை. வெந்நீர் பட்டால் கரைந்தே போய்விடும்.

பூச்சி, மூட்டைப்பூச்சி வந்துவிடுமே?

நியாயமான பயம். வாங்கி வந்ததும் அலமாரிக்குள் வைக்காதீர்கள், பையைக் கட்டி வாசலிலேயே வையுங்கள். சூடு தாங்கும் துணியை டிரையரில் அதிக சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினால் மூட்டைப்பூச்சியும் முட்டையும் சாகும். கம்பளிக்குக் குளிர்: காற்றில்லாமல் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரட்டும். அந்துப்பூச்சியின் புழுவுக்கு வியர்வையும் அழுக்கும் உள்ள இடம்தான் விருந்து. சுத்தமான துணியை மட்டும் உள்ளே வைப்பதே பாதிப் பாதுகாப்பு.

சின்னக் கிழிசல் இருக்கிறது. வாங்கலாமா?

கிழிசல் தையலோரம் என்றால் தாராளமாக. நூல்தான் அறுந்திருக்கிறது, துணி நன்றாக இருக்கிறது. துணியின் நடுவில் என்றால் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜப்பானியர்களின் சாஷிகோ முறையில் பின்னால் ஒட்டுத்துணி வைத்து, முன்னால் நேர்நேராக ஓட்டுத்தையல் போட்டால் கிழிசல் இருந்த இடம் வேலைப்பாடாகிவிடும். ஜீன்ஸுக்கும் பருத்திக் கோட்டுக்கும் நன்றாக ஒத்துவரும்.

எனக்குப் பிடித்தது காலரைத் திருப்புவது. சட்டைக் காலர் மடிப்பில் நைந்து நூல் நூலாக வந்திருக்கும். காலரை அதன் பட்டியிலிருந்து பிரித்து, அடிப்பக்கத்தை மேலே திருப்பி, மறுபடி பட்டிக்குள் வைத்துத் தைத்தால் நைந்த பக்கம் கழுத்தோடு மறைந்துவிடும். இரு பக்கமும் ஒரே துணியாக இருக்க வேண்டும், காலர் நுனியில் காஜா இருக்கக் கூடாது. ஒரு நீலக் கோடுபோட்ட சட்டையை இப்படித் திருப்பி ஆறு வருடம் போட்டேன். பிரித்தபோது உள்ளே பழைய ஊசித் துளைகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. எனக்கு முன்பே யாரோ ஒருவர் அந்தக் காலரை ஒரு தடவை பிரித்திருக்கிறார்.

எனக்குப் பெரிய உடம்பு. பழைய உடை எனக்குக் கிடைக்காது போலிருக்கிறதே?

குறைவாகக் கிடைக்கும் என்பது உண்மை. அதற்கு உங்கள் உடம்பு காரணமில்லை. பெரிய உடையில் துணி அதிகம் இருக்கும், அதை வெட்டி வேறு உடையாக்கிவிடுவார்கள். நல்லது என்றால் கடைசி வரை போட்டும் தீர்த்துவிடுவார்கள். 1980, 90களின் அகல வெட்டுகளில் தேடுங்கள். ஆண்கள் சட்டை, கோட்டுப் பகுதியைத் தவறாமல் பாருங்கள். கழுத்துத் துணி, கைப்பை, பெல்ட், பித்தான் இவற்றுக்கு அளவே தடையில்லை. பழைய பித்தானை வாங்கிப் புதிய கோட்டில் தைத்துப் பாருங்கள், கோட்டே வேறாகிவிடும்.

ஆண்கள் பகுதியில் பெண்கள் வாங்கலாமா? மாறியும்?

வாங்கலாம். பித்தான் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் வித்தியாசமாகத் தெரியும், அதை யாரும் கவனிப்பதில்லை.

எதை வாங்கவே கூடாது?

உள்ளாடை, நீச்சலுடை. சுகாதாரம் ஒரு பக்கம், எலாஸ்டிக் காலப்போக்கில் இற்றுப்போகும் என்பது இன்னொரு பக்கம். காலணியில் எச்சரிக்கை: முந்தையவரின் பாதத்துக்கு ஏற்பத் தேய்ந்திருந்தால் உங்கள் முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும். பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ளவை பயன்படுத்தாமல் இருந்தாலும் ஈரக்காற்றில் சிதைந்து பொடியாக உதிரும். தலைக்கவசம் பழையதை வாங்காதீர்கள்.

இன்னொருவர் உடுத்தியதைப் போட மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?

கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். உடம்பில் ஒட்டாத பொருளிலிருந்து தொடங்கலாம்: கைப்பை, பெல்ட், மேலே போடும் கோட்டு. எனக்கும் முதலில் தயக்கம் இருந்தது. ஒரு கோட்டின் உள்பையில் பழைய பயணச்சீட்டு ஒன்று நான்காக மடித்தபடி இருந்தது, எழுத்து அழிந்து போயிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் எங்கோ போயிருக்கிறார், குளிராக இருந்திருக்கும், கையைப் பைக்குள் விட்டிருப்பார். எனக்கு அது அருவருப்பாக இல்லை, துணையாக இருந்தது. சீட்டை அதே பையில் வைத்துவிட்டேன்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று குவிந்துவிட்டது. எப்படி நிறுத்துவது?

வாங்குவதற்கு முன் கையில் வைத்துக்கொண்டே, வீட்டில் இருக்கும் மூன்று உடைகளோடு இதை எப்படிப் போடுவேன் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டோடு நின்றுவிட்டால் திரும்பத் தொங்க விடுங்கள். "இடுப்பு கொஞ்சம் இளைத்தால் சரியாகிவிடும்" என்று வாங்குவதையும், "எப்போதாவது தைத்துக்கொள்ளலாம்" என்று வாங்குவதையும் விடுங்கள். தைக்க வேண்டியது ஒன்று வீட்டில் காத்திருந்தால், அதைத் தைத்து முடித்த பிறகுதான் அடுத்தது என்று நான் வைத்திருக்கிறேன்.

எப்படி வைப்பது?

கோட்டுக்கு அகலத் தோள் உள்ள ஹேங்கர். பின்னலாடை, மணி வைத்தது, மூலை வாட்டில் வெட்டியது மூன்றும் தொங்கினால் நீளும், மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்தித் துணியால் மூடுங்கள்.

எப்போது அடுத்தவருக்குக் கொடுப்பது?

ஒரு முழு வருடம், எல்லாப் பருவமும் கடந்தும் எடுக்கவில்லை என்றால் கொடுத்துவிடுவேன். கொடுக்கும் முன் துவைத்து, விட்டுப்போன பித்தானைத் தைத்து, உள்பையில் ஒரு துண்டுச் சீட்டு வைப்பேன். எனக்குத் தெரிந்ததை அதில் எழுதுவேன்: "கம்பளி. குளிர்ந்த நீர் மட்டும். இடது கையின் லைனிங் புதிது. அடியில் ஓர் அங்குலம் துணி விட்டிருக்கிறது, பிரித்து விடலாம்."